முழுவதையும் எடுக்க வேண்டுமா?

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வரும் நாளில் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "டாக்டர், கொஞ்சம்கூட வைக்க வேண்டாம். முழுவதையும் எடுத்துவிடுங்கள்." இதைச் சொல்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், கணவரோ, மகனோ, அண்ணனோ சொல்வார். நோயாளி பக்கத்து நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருப்பார். கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு திசுவையும் மட்டும் அகற்றிவிட்டு மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் கூறினால், அரைகுறை வைத்தியம் செய்யப் பார்க்கிறார்களோ என்ற ஐயம் குடும்பத்தாருக்கு எழுகிறது.

இந்த ஐயத்தைக் குறை கூற முடியாது. வேரோடு பிடுங்கினால்தான் களை ஒழியும் என்பது வயலில் இறங்கியவர் அனைவரும் அறிந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகின் தலைசிறந்த அறுவை மருத்துவர்களும் அவ்வாறே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை மாற்றியது எந்த ஒரு மேதையின் வாக்கும் அன்று. ஆய்வுக்கு உடன்பட்ட சில ஆயிரம் பெண்களின் உடல்நிலையை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்து வந்த கணக்கே அதனை மாற்றியது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், 1894இல் தாம் செய்த ஐம்பது அறுவை சிகிச்சைகளின் விவரத்தை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளில் நெறிகட்டி என்று நாம் சொல்லும் நிணநீர் முடிச்சுகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து அகற்றுவது அவருடைய முறை. புற்றுநோய் ஓரிடத்தில் தோன்றி, படிப்படியாக அக்கம்பக்கம் பரவி, பிறகே தொலைவுக்குச் செல்கிறது. எனவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று அவர் கருதினார். பெரிதாகிப் புண்ணாகிவிட்ட கட்டிகளோடு பெண்கள் வந்த காலம் அது. அறுவை செய்த இடத்திலேயே நோய் திரும்புவதை அவருடைய முறை உண்மையிலேயே குறைத்தது. ஆகவே அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதற்கு உள்ளான பெண்களின் மார்புப் பகுதி விலா எலும்பு தெரியும் அளவுக்குக் குழிந்தது; கை வீங்கியது; தோளைத் தூக்குவது கடினமாயிற்று. இவ்வளவு தாங்கிய பின்னரும் எலும்பிலோ நுரையீரலிலோ நோய் தோன்றிப் பலர் இறந்தனர்.

அக்காலத்து வழக்கம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். கட்டியோடு வந்த பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து, கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உறையவைத்து, உடனே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று என்றால் அதே மயக்கத்திலேயே மார்பகம் அகற்றப்படும். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா இராதா என்று அறியாமலேயே பெண்கள் அறுவை அரங்குக்குள் சென்றார்கள். 1974இல் தமக்கு நோய் இருப்பதை அறிந்த ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதனை ஏற்க மறுத்தார். முதலில் சோதனை, பிறகு கலந்து பேசுதல், அதன் பிறகே சிகிச்சை என்று எழுதியும் பேசியும் வாதாடினார். 1979இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவில் அவரும் இடம்பெற்றார். இவ்விரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்யும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இன்று மருத்துவர் கையால் பரிசோதித்து, மேமோகிராமோ அல்ட்ராசவுண்டு ஸ்கேனோ எடுத்து, ஊசியால் சிறு திசுவை எடுத்துச் சோதித்து, முடிவு வந்த பின்னரே அறுவை சிகிச்சை பற்றிப் பேசுகிறார். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல, இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டியும் நீர்க்கட்டியுமே மிகுதி என்பதால் இந்தப் படிநிலை பலருக்கு அறுவையையே தவிர்த்துவிடுகிறது. "ஊசி பட்டால் நோய் பரவும்" என்ற பேச்சைக் கேட்டு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊசிச் சோதனையால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை. தள்ளிப்போடும் மாதங்களால்தான் கேடு.

ஹால்ஸ்டெட்டின் கொள்கையை நேருக்கு நேர் எதிர்த்தவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ஃபிஷர். புற்றணுக்கள் கட்டி சிறிதாக இருக்கும்போதே இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்லக்கூடும் என்று அவர் கருதினார். அப்படியானால் அகலமாக வெட்டுவதால் உயிர் காக்கப்படுவதில்லை. உடல் முழுவதும் செல்லும் மருந்தே தேவை. இதுவும் ஒரு கருத்துதான். இரண்டு பெரிய மருத்துவர்கள் இரண்டு விதமாகக் கூறினால் நோயாளி எதை நம்புவது? ஃபிஷர் இதற்குக் கண்ட வழி சமவாய்ப்பு முறையிலான ஆய்வு.

குலுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு மனம் துணுக்குறும். என் தாயின் சிகிச்சையைச் சீட்டுக் குலுக்கியா முடிவு செய்வது என்று தோன்றும். ஆனால் மருத்துவரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். சிறிய கட்டி, நல்ல உடல்நிலை உடையவர்களைச் சிறிய அறுவைக்கும், முற்றிய நிலையில் வந்தவர்களைப் பெரிய அறுவைக்கும் அவர் அனுப்புவார். பிறகு சிறிய அறுவை பெற்றவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தால் அது அறுவையின் நன்மையா, கட்டி சிறிதாக இருந்ததன் நன்மையா என்று பிரித்தறிய முடியாது. சீட்டு, மருத்துவரின் விருப்பு வெறுப்பை விலக்கிவிடுகிறது. எது சிறந்தது என்று உண்மையாகவே எவருக்கும் தெரியாதபோது மட்டுமே இவ்வாறு பிரிப்பது அறமாகும்.

1971இல் தொடங்கிய முதல் ஆய்வில் 1,600க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். ஹால்ஸ்டெட் முறையும், தசையை விட்டுவிட்டு மார்பகத்தை மட்டும் அகற்றும் முறையும் ஒப்பிடப்பட்டன. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. 1976இல் தொடங்கிய அடுத்த ஆய்வு இன்னும் துணிச்சலானது. நான்கு சென்டிமீட்டர் வரையிலான கட்டியுடைய பெண்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர்: மார்பகம் முழுவதையும் அகற்றுதல், கட்டியை மட்டும் அகற்றுதல், கட்டியை அகற்றிக் கதிர்வீச்சும் அளித்தல். சேர்க்கை மிக மெதுவாகவே நடந்தது. பல அறுவை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை அனுப்பத் தயங்கினார்கள். சீட்டு எடுக்க ஒப்புக்கொள்வது பெண்களுக்கும் எளிதாக இருக்கவில்லை. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைக் கொண்டு இதே கேள்வியைத் தனியே ஆராய்ந்தார். அவர் ஒப்பிட்டது ஹால்ஸ்டெட் முறையையும், மார்பகத்தின் கால் பகுதியை அகற்றிக் கதிர்வீச்சு அளிக்கும் முறையையும்.

இரு ஆய்வுகளின் இருபது ஆண்டுக் கணக்கும் 2002இல் வெளிவந்தது. மிலானில் முழுவதையும் அகற்றியவர்களில் 24.3 விழுக்காட்டினரும், மார்பகத்தைக் காத்தவர்களில் 26.1 விழுக்காட்டினரும் மார்பகப் புற்றால் இறந்திருந்தனர். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே. ஃபிஷரின் மூன்று பிரிவுகளிலும் உயிர்வாழ்வு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மார்பகத்தைக் காப்பதால் ஆயுள் குறைவதில்லை என்று மருத்துவர் கூறுவது இந்தக் கணக்கின் மேல் நின்று கூறுவதாகும்.

ஆனால் இதில் குடும்பத்தார் தவறாமல் நினைவில் வைக்க வேண்டிய மற்றொரு கணக்கும் இருக்கிறது. கட்டியை மட்டும் அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு. ஆகவே பொதுவாக மார்பகத்தைக் காக்கும் சிகிச்சை என்பது அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தது. அறுவை முடிந்து புண் ஆறியதும், "வலி இல்லையே, இனி எதற்கு அலைச்சல்" என்று கதிர்வீச்சைப் பாதியில் விடுவது இந்தச் சிகிச்சையின் பாதியைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்த அலைச்சல் சிறியதன்று என்பதை நாங்கள் அறிவோம். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று கதிர்வீச்சு அளிக்கப்பட்ட காலத்தில், வெளியூரிலிருந்து வருபவர் நகரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. துணைக்கு வருபவரின் கூலியும் போயிற்று. முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று கூறியவர்களில் சிலர், நோய்க்கு அஞ்சியதைவிட இந்த ஐந்து வாரத்துக்கு அஞ்சினார்கள் என்றே சொல்ல வேண்டும். இங்கும் ஆய்வுதான் உதவிற்று. பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், நாளொன்றுக்குச் சற்றே கூடுதல் அளவாக மூன்று வாரங்களில் பதினைந்து முறை அளிப்பது ஐந்து வாரச் சிகிச்சைக்கு ஈடானது என்று பத்தாண்டுக் கணக்கோடு 2013இல் காட்டின. 4,096 பேர் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து முறை அளிப்பதும் நோய் திரும்பாமல் காப்பதில் மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 2020இல் கூறியது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. எனினும், "எனக்கு எத்தனை நாள்?" என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்பது நல்லது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் வருவதால், தகுதியுடையவர்கள் காப்பீட்டு அட்டையோடு மருத்துவ சமூகப் பணியாளரை முன்கூட்டியே அணுகலாம்.

அக்குளின் கதையும் இதைப் போன்றதே. அங்குள்ள முடிச்சுகள் அனைத்தையும் அகற்றுவது வழக்கமாக இருந்தபோது கை வீக்கம் பலருக்கு ஆயுள் முழுவதும் நீடித்தது; குடம் தூக்குவதும் துணி பிழிவதும் வேதனையாயின. 1990களில் காவல் முடிச்சு என்ற கருத்து நடைமுறைக்கு வந்தது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்று சேரும் ஓரிரு முடிச்சுகளை நீல நிறச் சாயத்தாலோ மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளாலோ கண்டறிந்து, அவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றில் நோய் இல்லையெனில் மற்றவை விடப்படுகின்றன. ஓரிரு காவல் முடிச்சுகளில் நோய் இருந்தாலும்கூட, மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சு பெறும் பெண்களுக்கு மீதியை அகற்றாமல் விடலாம் என்று அர்மாண்டோ ஜூலியானோ தலைமையில் 891 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அதன் பத்தாண்டு முடிவும் 2017இல் அதனையே உறுதிசெய்தது.

முழுவதையும் அகற்றுவதே சரியாக இருக்கும் நிலைகளும் உண்டு. ஒரே மார்பகத்தில் வெவ்வேறு பகுதிகளில் பல கட்டிகள் இருந்தால், மார்பகத்தின் அளவோடு ஒப்பிடக் கட்டி மிகப் பெரிதாக இருந்தால், தோல் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றாக இருந்தால், முன்பே அப்பகுதியில் கதிர்வீச்சு பெற்றிருந்தால் மருத்துவர் அதனையே கூறுவார். நம் நாட்டில் கட்டி பெரிதான பிறகு வருபவர்கள் மிகுதி. அவர்களுக்கு முதலில் மருந்தளித்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யும் வழி இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் அறுவைக்கு முன்னரே மருந்தும் கதிர்வீச்சும் அளிக்கும் முறையைப் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வந்துள்ளது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வழியும் தமக்குப் பொருந்தும் என்று அறிந்த பின்னரும் ஒரு பெண் முழுவதையும் அகற்றிக்கொள்ள விரும்பினால், அது அவருடைய உரிமை. நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருப்பவரைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவைத்தான் நாங்கள் ஏற்கத் தயங்குகிறோம்.

மருந்திலும் இதே பாடம் ஒருமுறை கடுமையாகக் கிடைத்தது. 1990களில், மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையை நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்துவைத்த அணுக்களால் ஈடுகட்டும் முறை மேலைநாடுகளில் வேகமாகப் பரவியது. மருந்து கூடினால் நோய் ஒழியும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தபோது குடும்பங்கள் நீதிமன்றம் சென்றன. ஆய்வில் சேர்ந்தால் சீட்டில் சாதாரணச் சிகிச்சை விழுந்துவிடுமோ என்று அஞ்சிப் பலர் ஆய்வுக்கு வெளியே அந்தச் சிகிச்சையைப் பெற்றனர். அதனால் ஆய்வுகள் முடியத் தாமதமாயின. 1999இல் முடிவுகள் வெளிவந்தபோது, ஐந்து ஆய்வுகளில் நான்கு எவ்விதக் கூடுதல் பயனையும் காட்டவில்லை. பயன் உண்டு என்ற ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நேரில் சென்று ஏடுகளைச் சரிபார்த்தபோது அது பொய்யெனத் தெரிந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தக் கடும் சிகிச்சையைத் தாங்கியிருந்தனர். சிகிச்சையாலேயே இறந்தவர்களும் உண்டு. ஆய்வு என்பது நோயாளியை எலியாக்குவது என்று நினைப்பவர்கள், ஆய்வின்றிப் பரவிய இந்தச் சிகிச்சையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள் என்று தோன்றலாம். நம் நாட்டின் கேள்விகளுக்கு நம் பெண்களே விடை தந்த ஆய்வுகளும் இருக்கின்றன. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள், மேமோகிராம் இல்லை. 2021இல் வெளிவந்த இருபது ஆண்டு முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது 47 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய பெண்களிடம் மார்பகப் புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குட்பட்டவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லாத ஊரிலும் பயிற்சி பெற்ற கை உயிரைக் காக்கலாம் என்பது எங்கள் எண்ணத்தில் இந்திய மருத்துவம் உலகுக்குத் தந்த மிகப் பயனுள்ள செய்திகளுள் ஒன்று.

அதே மருத்துவமனை மற்றொரு கேள்வியையும் எழுப்பியது. முதல் நாளிலேயே எலும்பிலோ கல்லீரலிலோ நோய் பரவிய நிலையில் வருபவருக்கு மார்பகத்திலுள்ள கட்டியை அகற்றுவதால் ஆயுள் கூடுமா? 350 பெண்களிடம் நடந்து 2015இல் வெளிவந்த அந்த ஆய்வின் விடை, கூடாது என்பதே. புண், இரத்தக்கசிவு போன்ற தேவை இருந்தாலன்றி, அத்தகைய நோயாளியை அறுவைக்கு உட்படுத்த வேண்டியதில்லை. "அறுவையே செய்யாமல் கைவிட்டுவிட்டார்களே" என்று கலங்கும் குடும்பத்தார் இதனை அறிந்திருக்க வேண்டும். மருந்துச் சிகிச்சை தொடர்கிறது. பயனற்ற ஒரு காயம் மட்டுமே தவிர்க்கப்படுகிறது.

2023இல் வெளிவந்த மூன்றாவது ஆய்வு எளிமையால் வியப்பூட்டுகிறது. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே வகை ஊசி மருந்தான லிக்னோகெய்னை, அறுவைக்கு ஏழு முதல் பத்து நிமிடத்துக்கு முன் கட்டியைச் சுற்றிச் செலுத்தினார்கள். இந்தியாவின் 11 மையங்களில் 1,583 பெண்களிடம் பெறப்பட்ட முடிவு: ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், ஊசி பெறாதவர்களில் 86.4 விழுக்காடு, பெற்றவர்களில் 90.1 விழுக்காடு. வேறு நாடுகளிலும் இதனை மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கருதும் வல்லுநர்கள் உள்ளனர், அது நியாயமானதே. மருந்தின் விலையோ மிகக் குறைவு.

உங்கள் சிகிச்சையின் இடையில் ஒருநாள், ஓர் ஆய்வில் பங்கேற்க விருப்பமா என்று உங்களையும் கேட்கக்கூடும். அப்போது தமிழில் அச்சிட்ட தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தரப்படும். அன்றே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வைச் சாராத ஒருவர் சாட்சியாக இருக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் அதில் எது கூடும், எது குறையும்? எத்தனை முறை கூடுதலாக வர வேண்டும், பயணச் செலவு யாருடையது? எந்தெந்தச் சோதனைக்கு நான் பணம் கட்ட வேண்டியிருக்கும்? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். மார்பகப் புற்று ஆய்வுகளில் புதிய மருந்து பொதுவாக நடப்பிலுள்ள சிகிச்சையோடுதான் ஒப்பிடப்படுகிறது. மருந்தே இல்லாமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால் அதனையும் நேரடியாகவே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும், சட்டம் அறிந்தவரும், பொதுமக்கள் சார்பில் ஒருவரும் இருப்பார்கள். 2007இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு எவரும் இணையத்தில் விவரம் பார்க்கலாம். புதிய மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி உண்டு. சேர்ந்த பிறகு எந்த நாளிலும், காரணம் கூறாமலே விலகலாம். விலகியதால் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது.

மறுத்தால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று சிலர் தயங்கி ஒப்புக்கொள்கிறார்கள். அவ்வாறு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புதல் தந்தால், கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு படியைக் கேட்டுப் பெற்று மருத்துவக் கோப்போடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும்: ஒன்று ஆய்வு மருத்துவருடையது, மற்றொன்று நெறிமுறைக் குழுவினுடையது. முன்னதை உடல்நிலை பற்றிய ஐயத்துக்கும், பின்னதை உங்களை நடத்தும் விதம் பற்றிய குறைக்கும் பயன்படுத்தலாம்.